செவலைக்குப் பூசிய மஞ்சள்

அத்தியாயம் 3

முதல் அடி எனக்குத்தான் விழுந்தது.

கந்தப்பளைக்கு மேலே, சோலைமலையின் குதிரைக் கொட்டகை வாசலில் ஆட்டோவை நிறுத்தி ஒரு காலைக் கீழே வைத்தேன். அடுத்த காலை வைக்குமுன் ஒரு முரடன் என் காலரைப் பிடித்து வெளியே இழுத்து மூக்கில் ஒன்று போட்டான்.

"டிலுக்ஷிக்கு வக்காலத்து வாங்கவா வந்த?"

"இல்லைங்க, ஆட்டோ ஹயருக்கு வந்தேன்" என்றேன்.

அதற்கும் ஒன்று விழுந்தது. அடிமேல் அடி வைத்தால் அம்மியே நகருமாம், என் பல் எம்மாத்திரம்? கடைவாயில் ஒன்று ஆட ஆரம்பித்துவிட்டது.

"தம்பி, விடும். அந்த ஆளில்லாமல் நான் ஹட்டனுக்குத் திரும்பிப் போகேலாது" என்றபடி பின் சீட்டிலிருந்து இறங்கினார் கேதீஸ்வரி டீச்சர்.

டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து ஹட்டனுக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்து, ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குத் திரும்பாதவர். பரீட்சையில் கொப்பி அடிக்கும் பிள்ளைகளை முப்பது வருடம் பிடித்த கண், இப்போது கொலைகாரர்களைப் பிடிக்கிறது. நான் கஸ்பர். அவருக்குச் சாரதி, உதவியாளர், அடி வாங்கும் இலாகாவுக்கு முழுப் பொறுப்பாளன்.

என்னை அடித்தவன் ஆண்டியப்பன், செத்துப்போன சோலைமலையின் தம்பி. அழுது வீங்கிய கண். தோளில் துவக்கு. அவனுக்குப் பின்னால் துக்க வீட்டில் தப்பு மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது.

"அண்ணன குழியில எறக்கிட்டு வர்றேன். வந்ததும் மொத வெடி அந்தக் குதிரைக்கு. ரெண்டாவது ஜெனுஷன் பயலுக்கு. நடுவுல வந்தீங்கன்னா மூணாவதும் இருக்கு" என்றான்.

சொன்னதைச் செய்பவன் என்று பார்த்தாலே தெரிந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். துவக்கு வைத்திருக்கும் ஆத்திரக்காரனுக்கு என்ன மட்டு என்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லை.

விஷயம் இதுதான். நேற்று விடியற்காலையில் செவலை என்ற பெண் குதிரையின் காலடியில் சோலைமலை மண்டை பிளந்து கிடந்தார். நெற்றிப்பொட்டில் லாடத்தின் வளைவு அப்படியே பதிந்திருந்தது. பொலிஸ் வந்து பார்த்து, குதிரை உதைத்த விபத்து என்று முடித்துவிட்டுப் போனது. ஆனால் செவலைக்குக் கொஞ்ச நாளாகத் தோலில் ஒவ்வாமை. கொசுக்கடி பட்ட இடமெல்லாம் தடித்து, தன்னையே சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளும். அதைப் பராமரிக்கும் ஜெனுஷன் ஏதோ பச்சிலை மருந்து பூசினான், அந்த எரிச்சலில்தான் குதிரைக்கு வெறி பிடித்தது என்று ஒரு பேச்சுக் கிளம்ப, ஆண்டியப்பன் ஜெனுஷனை அடித்துப் புல் கொட்டிலில் கட்டிப்போட்டுவிட்டான். ஜெனுஷனின் மனைவி டிலுக்ஷிதான் காலையில் எங்களுக்குப் போன் எடுத்து அழுதது.

"நீங்கள் குழிக்குப் போய் வரும்வரைக்கும் நாங்கள் குதிரையைப் பார்க்கலாமோ?" என்று டீச்சர் கேட்டார்.

"பாருங்க. கடைசியா பாக்குற ஆளு நீங்கதான்."

பாடை தேயிலைச் சரிவில் இறங்கியது. தப்புச் சத்தமும் இறங்கியது. எங்களுக்கு இருந்த நேரம் ஒரு குழியை மூடும் நேரம்தான்.

புல் கொட்டில் வாசலில் கவ்வாத்துக் கத்தியோடு இரண்டு பேர் நின்றார்கள். தேயிலைக் கிளையை ஒரே வீச்சில் சீவும் கத்தி அது. என் கழுத்து தேயிலைக் கிளையை விடப் பெரிதல்ல என்பதால் நான் டீச்சருக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

உள்ளே ஜெனுஷனைத் தூணோடு கட்டியிருந்தார்கள். ஒரு கண் மூடிப்போயிருந்தது. இடது கை முழங்கைக்குக் கீழே திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. டிலுக்ஷி அந்தக் கையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பகிடி ஒன்றும் வாயில் வரவில்லை.

"இவரு ஒன்னுமே பண்ணல டீச்சர். மாதா மேல சத்தியம்" என்றாள் டிலுக்ஷி.

"என்ன பூசினீர் தம்பி?" என்று டீச்சர் கேட்டார்.

ஜெனுஷன் கிழிந்த உதட்டை நக்கிக்கொண்டு பேசினான். "வேப்பெண்ணெயில மஞ்சளும் கத்தாழையும் கொழைச்சு பூசுனேங்க. டாக்டரம்மா ஊசி போட்டாங்க, மாத்திரையும் குடுத்தாங்க. அவங்கள கேட்டுட்டுத்தான் இதையும் பூசுனேன். நேத்து விடிய முன்ன பிடரி, கழுத்து, வால் அடியெல்லாம் கட்டியா அப்பிட்டு புல்லு வெட்டப் போனேன். வந்து பாத்தா பெரியவரு கெடக்கிறாரு."

மூலையில் ஒரு தகர டப்பாவில் மிச்ச மருந்து இருந்தது. டீச்சர் அதில் விரலை விட்டு, கேட்காமல் கொள்ளாமல் என் மூக்குக் காயத்தில் தடவினார்.

"எரியுதோ?"

"இல்ல டீச்சர். குளுருது. ஆனா வேப்பெண்ணெ நாத்தத்துக்கு மூக்கே வேணாம்னு இருக்கு."

"உம்மட மூக்கே பொறுக்குது. பிறகு குதிரைக்கு ஏன் வெறி பிடிக்குது?"

அடுத்தது செவலை. நான் நினைத்ததைவிட உயரம். பிடரியெல்லாம் மஞ்சள் அப்பிக் காய்ந்து, கல்யாணத்துக்கு நலங்கு வைத்தது மாதிரி நின்றது. அங்கங்கே முடி உதிர்ந்து, புண்கள் பொருக்குத் தட்டி ஆறிக்கொண்டிருந்தன. நாலு காலையும் சாக்குத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

"கஸ்பர், பின்னங்காலைத் தூக்கும்."

"யாரோட பின்னங்கால டீச்சர்?"

"உம்மட காலைத் தூக்கி நான் என்ன செய்யிறது?"

வீட்டில் என் மனைவி பெற்றீசியாவையும் எல்லாப் புனிதர்களையும் ஒரு தரம் நினைத்துக்கொண்டு குனிந்தேன். செவலை உதைக்கவில்லை. மூச்சுவிட்டு, கேட்டதும் காலைக் கொடுத்துவிட்டது. நான் சாக்கை அவிழ்த்தேன். உள்ளே வெறும் குளம்பு. ஆணித் துளைகள் மட்டும் இருந்தன.

நாலு காலையும் அவிழ்த்தோம். ஒன்றிலும் லாடம் இல்லை.

டீச்சர், ஜெனுஷன் சொன்ன மிருக டாக்டர் நிரூபாவுக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு லாடத்தைப் பற்றிக் கேட்டார்.

"நான்தான் கழட்டச் சொன்னேன்" என்றார் டாக்டர். "அரிப்புத் தாங்காம காலாலயே வயித்த கிழிச்சுக்கிட்டுது. சவாரிக்குப் போகாத குதிரைக்கு லாடம் எதுக்குன்னு நாலையும் எடுத்துட்டு, சாக்கு சுத்தச் சொன்னேன். ஊசி வீக்கத்தக் குறைக்கும், ஜெனுஷன் பூசுற எண்ணெய் கொசுவ அண்ட விடாது. ரெண்டும் சேர்ந்துதான் ஆறிட்டு வந்துச்சு. எண்ணெய மட்டும் நம்பி ஊசிய நிப்பாட்டாதன்னு சொன்னேன். அந்தப் புள்ள ஒரு வேளை தப்பினதில்ல."

டீச்சர் போனை வைத்தார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தோம். அங்கே ஒரு ஆணியில் கழற்றிய லாடங்கள் தொங்கின. மூன்று.

"குதிரைக்கு நாலு கால்தானே டீச்சர்?"

"நான் படிப்பிச்ச காலத்தில நாலுதான்."

"அப்போ நாலாவது லாடம் ஒரு மனுசன் கையில இருந்திருக்கு." என்றேன். "ஆண்டியப்பன்தான் டீச்சர்! அண்ணன் போயிட்டா கொட்டகை இவனுக்கு. அதான் குதிரையையும் சுட்டு, பூசுனவனையும் சுட்டு, எல்லாத்தையும் சேத்து மூடப் பாக்குறான்."

"ஆண்டியப்பன் உம்மட மூக்கில குத்தினதுக்காக அவனைக் கொலைகாரனாக்கக் கூடாது" என்றார் டீச்சர். ஆனால் அவர் முகமும் இருண்டுதான் இருந்தது.

அப்போதுதான் வாசலில் ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. நுவரெலியா ரேஸ் மைதானத்தில் சோலைமலையின் குதிரைகளைச் சீசன் சவாரிக்கு விடும் மனேஜர் சுகிர்தன். குழிக்குப் போகவில்லை. தலைச்சுற்று என்றார். டீச்சரின் பேச்சைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்கள் எங்கட பக்கமே? நான் மானிப்பாய்."

"நான் சுன்னாகம். நேற்று முதலில கண்டது நீங்கள்தானாம்?"

"ஓம். பாவம் மனுசன். கத்தின சத்தம் கேட்டு ஓடி வந்தன். இது பேய் பிடிச்ச மாதிரிக் காலைத் தூக்கிக்கொண்டு நிண்டது. ரெண்டு கையாலயும் பிடரி மயிரைப் பிடிச்சுத் தொங்கிப் பிடிச்சு இழுத்தன். பிறகுதான் ஆண்டியப்பன் ஓடி வந்து கழுத்தைக் கட்டிப் பின்னால தள்ளினவர். அந்த மஞ்சள் கண்றாவியாலதான் குதிரைக்கு விசர் பிடிச்சது."

"நல்ல துணிவு உங்களுக்கு" என்றார் டீச்சர்.

சுகிர்தன் தலையைத் தாழ்த்திக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இந்த இடத்தில் என்னை அடிக்காத முதல் ஆள் அவர்தான்.

டீச்சர் லாடத்தைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை. நேரே துக்க வீட்டுக்குப் போனார். பெண்கள் வைத்திருந்த வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்தார். குழிக்குப் போனவர்கள் திரும்பி வந்து கைகால் கழுவ வாசலில் ஒரு பெரிய பேசினில் தண்ணீர் வைத்திருந்தார்கள். டப்பாவை அப்படியே அதில் கவிழ்த்துக் கலக்கினார்.

"கைய வேக வைக்கப் போறீங்களா டீச்சர்?"

"இந்தளவு சுண்ணாம்புக்குக் கை வேகாது. வாயை வைச்சால் வேகும். மூடும்."

தப்புச் சத்தம் ஓய்ந்தது. சரிவில் ஆட்கள் ஏறி வந்தார்கள். முன்னால் ஆண்டியப்பன், குழி வெட்டிய மண் முழங்கை வரை. வந்ததும், குழிக்குப் போகுமுன் சுவரில் சாத்திவிட்டுப் போன துவக்கை எடுத்தான்.

டீச்சர் அவன் குறுக்கே போய் நின்றார். துவக்கின் நுனி அவர் சேலையில் முட்டியது.

"உம்மட அண்ணனைக் குதிரை கொல்லேல்லை."

"தள்ளுங்க டீச்சர். பொம்பளன்னு பாக்குறேன்."

"அதின்ர காலில லாடமே இல்லை. போய்ப் பாரும். நாலும் வெறுங்குளம்பு. உம்மட அண்ணன்ர நெத்தியில இருந்தது லாடத்தின்ர அடையாளம். அதைக் கையில பிடிச்சு அடிச்சது ஒரு மனுசன்."

கூட்டத்தில் இரண்டு பேர் கொட்டகைக்கு ஓடினார்கள். "ஆமாங்க! ஒரு கால்லயும் லாடம் இல்ல!" என்று அங்கிருந்தே கத்தினார்கள். ஆண்டியப்பனின் துவக்கு தாழ்ந்தது.

"ரெண்டு பேர் அந்த நேரம் குதிரைக்குக் கிட்ட நிண்டவை" என்றார் டீச்சர். "ரெண்டு பேரும் இந்தத் தண்ணியில கையை வைக்கட்டும். உண்மையை இது காட்டும்."

"எனக்கென்ன பயம்?" சுகிர்தன்தான் முதலில் வந்தார். சட்டைக் கையை மடித்து, இரண்டு கையையும் பேசினில் அமிழ்த்தி, நன்றாகத் தேய்த்து வெளியே எடுத்தார். வெள்ளை வெளேர் என்று இருந்தன. கூட்டத்துக்கு இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார்.

ஆண்டியப்பன் துவக்கைச் சுவரில் சாத்திவிட்டு, மண் கையைப் பேசினில் வைத்தான். மண் கரைந்தது. கையை எடுத்தான்.

உள்ளங்கை ரேகைகளிலும் நகக்கண்ணிலும் சிவப்பு ஓடியிருந்தது. மணிக்கட்டு வரை சிவப்பு. பேசின் தண்ணீரிலும் அது கசிந்தது.

ஒரு கிழவி "ஐயோ ரத்தம்!" என்று அலறினாள். அதற்கப்புறம் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. ஒரு கல் பறந்து வந்து ஆண்டியப்பனின் நெற்றியைப் பிளந்தது. அவனுடைய சொந்த மச்சானே அவன் வயிற்றில் உதைத்தான். அவன் முழங்காலில் விழுந்தான். கவ்வாத்துக் கத்தி ஒன்று தலைக்கு மேலே எழும்பியது. "கூடப் பொறந்தவன கொன்னுட்டு குழியும் வெட்டுனியாடா!" என்று அவனைச் சுற்றிக் கால்கள். அந்த அடியில் ஒரு பங்கு நானும் போடலாம் என்று என் மூக்கு சொன்னது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு எட்டு எடுத்தும் வைத்துவிட்டேன்.

ஆண்டியப்பன் ஒருவரையும் தடுக்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்து சவுக்காரம் போட்டும் இப்படித்தாங்க செவந்துச்சு. அண்ணன் ரத்தம் என் கைய விட்டுப் போக மாட்டேங்குதேன்னு அழுதேன்" என்றான்.

கத்தியோடு இறங்கப் போன கையை டீச்சர் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். பள்ளிக்கூடத்து மண்டபம் முழுவதும் கேட்கும் அந்தக் குரல் வெளியே வந்தது.

"இஞ்ச ஒரு வீட்டிலயும் ஆரத்தி சுத்துறேல்லையோ? மஞ்சளில சுண்ணாம்பு பட்டால் என்ன நிறம்? சொல்லுங்கோ!"

கூட்டம் அப்படியே நின்றது. ரத்தம் என்று அலறிய அதே கிழவிதான் மெதுவாகச் சொன்னாள்.

"செவப்புங்க."

"அது ரத்தமில்லை, மஞ்சள். சவர்க்காரம் பட்டாலும் மஞ்சள் இப்பிடித்தான் சிவக்கும். நேற்று விடிய ஜெனுஷன் குதிரையின்ர பிடரியிலயும் கழுத்திலயும் ஈர மஞ்சளைக் கட்டியாப் பூசினவன். அண்ணனைக் காப்பாத்த அந்தக் கழுத்தைக் கட்டிப் பிடிச்சவன்ர கை சிவக்கத்தான் வேணும். எண்ணெயில குழைச்ச மஞ்சள் ஒரு கழுவலில போகாது." டீச்சர் திரும்பினார். "சுகிர்தன், ரெண்டு கையாலயும் பிடரியைப் பிடிச்சுத் தொங்கின நீங்கள் ஏன் இவ்வளவு வெள்ளை?"

எனக்கு மண்டையில் யாரோ தட்டினது மாதிரி இருந்தது. சிவந்த கையைத் தேடிக்கொண்டிருந்த நான், வெள்ளைக் கையைப் பார்த்து மதிப்பு வைத்திருந்தேன்.

"நான்... நல்லா உரஞ்சிக் கழுவினன்" என்றார் சுகிர்தன்.

"அவனும் கழுவினவன். நீங்கள் பிடரியைத் தொடேல்லை. நீங்கள் தொட்டது சுவரில தொங்கின லாடத்தை. கொட்டகையில இருக்கிற குதிரைக்கெல்லாம் லாடம் இருக்கும் எண்டு நினைச்சிட்டீங்கள். மனேஜர் ஐயா ஒரு நாளும் குனிஞ்சு குதிரையின்ர காலைப் பார்த்ததில்லை. அந்தச் சாக்குக்குள்ள என்ன இருக்குது எண்டும் கேட்டதில்லை. நாலாவது லாடம் எங்கே?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். சுகிர்தனுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. சுவரில் சாத்தியிருந்த துவக்கை ஒரே பாய்ச்சலில் எடுத்துவிட்டார். நான் குறுக்கே விழுந்தேன். வீரம் என்று நினைக்கவேண்டாம், கால் தடுக்கிவிட்டது. துவக்கின் கட்டை என் தாடையில் இறங்கியது. ஆடிக்கொண்டிருந்த பல் இரத்தத்தோடு வெளியே வந்து விழுந்தது. நிமிர்ந்து பார்த்தபோது குழல் டீச்சரின் நெஞ்சுக்கு நேரே இருந்தது.

ஆண்டியப்பன் கீழே கிடந்தபடியே சுகிர்தனின் கணுக்காலைப் பிடித்து இழுத்தான். வெடி மேலே போனது. தகரக் கூரையில் தலையளவு ஓட்டை. அதன் பிறகு ஆண்டியப்பன் அவர் மேல் ஏறி உட்கார்ந்து அடித்த அடியில் வெள்ளைச் சட்டையில் வெள்ளை என்று ஒரு இடம் மிஞ்சவில்லை. கழுத்தைப் பிடித்து அமுக்கினான். சுகிர்தனின் குதிகால்கள் மண்ணைக் கீறின.

"விடும் ஆண்டியப்பன்! இவன் செத்தால் கொலைகாரன் நீர்தான். ஏன் செய்தவன் எண்டு இவன்ர வாயாலயே வரட்டும்!"

பிடி கொஞ்சம் தளர்ந்தது. சுகிர்தன் மூச்சு வாங்கிக்கொண்டு துப்பினார்.

"கொழும்பு ஆளுக்குச் செவலையை இந்தச் சீசன் ரேஸுக்குத் தாறன் எண்டு வாக்குக் குடுத்திட்டன். தடிப்புத் தெரியாமல் இருக்க நானே களவாப் பெரிய ஊசி ஒண்டு போட வந்தன். அந்த மனுசன் கண்டிட்டுது. ஆறாத குதிரையை ஓட விடமாட்டன், டாக்டரிட்டச் சொல்லுவன் எண்டு கையைப் பிடிச்சுது. விடச் சொன்னன். விடேல்லை." கண்ணை மூடிக்கொண்டார். "லாடம் கீழ ஓடையில கிடக்குது."

ஆண்டியப்பன் எழுந்து நின்று ஒருமுறை வானத்தைப் பார்த்து ஊளையிட்டான். மனிதன் அழும் சத்தம் இல்லை அது. அவனை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதுவிட்டேன்.

சுகிர்தனைக் கட்டிப்போட்டு, பொலிஸுக்குச் சொல்லிவிட்டு, நாங்கள் புல் கொட்டிலுக்குப் போனோம். ஆண்டியப்பன் எங்களுக்கு முன்னால் ஓடினான். காவலுக்கு நின்றவர்களைத் தள்ளிவிட்டு ஜெனுஷனுக்கு முன்னால் மண்டியிட்டு, "தம்பி, தம்பி" என்றபடி கயிற்றை அவிழ்க்கக் கையை நீட்டினான்.

ஜெனுஷனுக்கு வெளியே நடந்தது ஒன்றும் தெரியாது. அந்தக் கை வருவதைப் பார்த்ததும் முகத்தைத் தூணுக்குப் பின்னால் மறைத்து, "அடிக்காதீங்க, பூச மாட்டேன், இனி பூசவே மாட்டேன்" என்று கெஞ்சினான்.

ஆண்டியப்பனின் கை பாதியில் நின்றது.

"நான் கொல்லலம்மா. டீச்சர்கிட்ட கேளு. இது ரத்தமில்ல, மஞ்சள்தான்" என்றான் டிலுக்ஷியிடம். சிறுபிள்ளை மாதிரி இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

டிலுக்ஷி அந்தக் கையைப் பார்த்தாள். புருஷனின் ஒடிந்த கையை மடியிலிருந்து மெதுவாக இறக்கி வைத்தாள். எழுந்து வந்து ஆண்டியப்பனின் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளிவிட்டாள்.

"அண்ணன கொல்லாத கைதாங்க. என் புருஷன் கைய ஒடிச்ச கையும் இதுதான். தள்ளிப் போங்க, நானே அவுத்துக்கிறேன்."

கயிறு இறுகிப் போயிருந்தது. அவள் பல்லால் கடித்து அவிழ்த்தாள். அவிழ்த்து முடியும்வரை ஆண்டியப்பன் அங்கேயே மண்டியிட்டிருந்தான், ஒருவரும் அவனை எழுந்திருக்கச் சொல்லவில்லை.